அருவியாற்றின் தலைமாட்டில்

போன மாதம் குளக்கட்டுகளைப் பற்றி எழுதும்போது, அனுராதபுர மாவட்டத்து ரிட்டிகல மலைக்கு ஒருமுறை போய்வந்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். துருசைப் பற்றியும் வானைப் பற்றியும் மினக்கெட்டு எழுதிய நான்கு பக்கத்தை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் வந்திருக்கின்றன. சரி, இந்த மாதம் மலைக்கே விட்டுவிடுகிறேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் மன்னார்ப் பக்கத்து முருங்கன்காரன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சரித்திரம் படிப்பித்தவனும் இல்லை, மரம் செடி படித்தவனும் இல்லை. தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று பார்ப்பது ஒன்றுதான் எனக்குப் பழக்கம். ஆகவே பதில்களும் அந்தப் பக்கமாகவே சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரிட்டிகல போக எண்ணம். அம்மாவுக்கு முழங்கால் நோ. ஏறலாமா? எந்த வழியால் போவது, என்ன கொண்டுபோவது?
— ஓர் ஆசிரியை, வவுனியா

ரீச்சர், ஓகஸ்ட் நல்ல மாதம். ஐப்பசி பிறந்து வாடை மழை தொடங்கிவிட்டால் கல்லெல்லாம் பாசி பிடித்துவிடும், அட்டையும் வந்துவிடும். நான் போனது டிசம்பரில். எனக்குத் தெரிந்த எல்லோரும் வேண்டாம் என்றார்கள், போனேன், நான்காவது படியில் வழுக்கி உட்கார்ந்தேன். பேரன் சிரித்தான். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று வையுங்கள்.

வழி சுலபம். ஏ9 வீதியில் மதவாச்சி, மிகிந்தலை தாண்டி மரதன்கடவல வரும். அங்கே ஹபரண வீதிக்குத் திரும்ப வேண்டும். கணேவல்பொலவைக் கடந்து, ஹபரணவுக்குப் போய்ச் சேருமுன்பே இடப்பக்கம் ரிட்டிகலவுக்கு ஒரு வீதி பிரிகிறது. உள்ளே சில கிலோமீட்டர். கடைசித் துண்டு காட்டுக்குள்ளால் போகும் ஒடுங்கிய பாதை. பஸ்ஸில் வருகிறவர்கள் சந்தியில் ஓட்டோ பிடிக்கலாம். ஆனால் அந்த ஓட்டோவையே காத்து நிற்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். உள்ளே வேறொன்று கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நேரம்தான் முக்கியம். காலை எட்டு மணிக்குள் வாசலில் நில்லுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிடுங்கள். நாங்கள் வீட்டிலிருந்து பிந்திப் புறப்பட்டு, பிந்திப் போய், திரும்பும்போது நாலரை ஆகிவிட்டது. காட்டுப் பாதையின் ஒரு வளைவில் தனியன் யானை ஒன்று குறுக்கே நின்றது. சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். யானை எங்களைப் பார்க்கவேயில்லை. மண்ணை வாரித் தன் முதுகில் போட்டது, ஒரு கொப்பை முறித்தது, போட்டது, இன்னொன்றை முறித்தது. நாற்பது நிமிடம். நாள் முழுக்க வாய் ஓயாமல் கதைத்த பேரன் அந்த நாற்பது நிமிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

இனி அம்மாவின் முழங்கால். மலை 766 மீட்டர் உயரம், அந்தச் சமவெளியில் அதற்குச் சமமாக வேறொன்றும் இல்லை. ஆனால் நீங்கள் போகப்போவது உச்சிக்கு இல்லை. பழைய பௌத்த மடத்தின் இடிபாடுகள் எல்லாம் கிழக்கு அடிவாரத்திலிருந்து மெதுவாக ஏறும் சரிவில்தான் இருக்கின்றன. வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பண்டா பொக்குண என்ற குளம் வரும். அதுவரை அம்மா வரலாம். அங்கே ஒரு படியில் உட்காரவைத்து, போத்தல் தண்ணீரும் ஒரு துணையும் விட்டுவிட்டு நீங்கள் மேலே போங்கள். அவருக்கு எதுவும் குறைந்துவிடாது. என்னைக் கேட்டால், அந்த மலையில் பார்க்கவேண்டியதில் பாதி அந்தக் குளம்தான்.

கல்லால் கட்டிய, பல மூலைகள் உள்ள கட்டு. சுற்றளவு ஏறக்குறைய 366 மீட்டர். உள்பக்கம் முழுவதும் படி படியாக இறங்குகிறது. கோடையில் அடியில் தண்ணீருக்குப் பதில் மரங்கள் நிற்கும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். நான் சுற்றிவந்து கட்டைப் பார்த்தேன். மலைச்சரிவில், மேலிருந்து வேகமாக வரும் தண்ணீரை மறித்து நிறுத்துவது லேசான வேலை இல்லை. நேர்க்கட்டாகப் போட்டால் நடுவில் உடைக்கும். இவர்கள் மூலை மூலையாக மடித்து, சரிவோடு சண்டை பிடிக்காமல் கட்டியிருக்கிறார்கள். பாண்டுகாபய மன்னன் கட்டியது என்கிறது கதை. அவன் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டுக்காரன். இப்போது நாம் பார்க்கும் கல்வேலையை அவன் தலையில் கட்ட நான் ஆயத்தமில்லை. ஆனால் இந்த மலையில் ஏழு வருடம் பதுங்கியிருந்து, மாமன்மாருடன் சண்டைக்கு ஆள் சேர்த்தான் என்று மகாவம்சம் சொல்கிறது. படை பதுங்கத் தண்ணீர் வேண்டும் அல்லவா? அந்த மட்டில் கதையில் ஞாயம் இருக்கிறது.

கொண்டுபோக வேண்டியவை: தண்ணீர், சப்பாத்து, கால் மூடிய உடுப்பு, அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும், உண்ணிக்குத் தேங்காய் எண்ணெய். சாப்பாட்டுப் பொட்டலத்தை வானுக்குள் வையுங்கள். குரங்குகளுக்கு உங்கள் புட்டு நன்றாகப் பிடிக்கும்.

*

கேள்வி: ரிட்டிகல மடத்தில் சிலையில்லை, சித்திரமில்லை, சிறுநீர் கழிக்கும் கல்லில் மட்டும்தான் சிற்பம் என்று ஒருவர் சொன்னார். பகிடிதானே?
— திருகோணமலை

பகிடி இல்லை, உண்மை. அங்கே இருந்தவர்கள் பாம்சுகூலிகர் என்ற பிக்குகள். பாம்சு என்றால் தூசி. சுடுகாட்டிலும் குப்பையிலும் எறிந்த துணியை எடுத்துத் தைத்து உடுத்துகிறவர்கள் என்று பொருள். அனுராதபுரத்துப் பெரிய விகாரைகளின் செழிப்பு பிடிக்காமல், புத்தர் சொன்ன கடும் வாழ்க்கைக்குத் திரும்பவேண்டும் என்று காட்டுக்குப் போனவர்கள். ஆகவே ரிட்டிகலவில் தாதுகோபம் இல்லை, அரசமரக் கட்டு இல்லை, சிலைமனை இல்லை. வாசற்படியில் கிடக்கும் செதுக்கிய அரைவட்டக் கல்லான சந்திரவட்டக்கல்லைத் தேடி அலையாதீர்கள். வெறும் கல்.

ஆனால் அந்த வெறும் கல்லை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு நடைபாதை, காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. நாற்சதுரமாக வெட்டிய கற்கள், சாந்து இல்லாமல் ஒன்றோடு ஒன்று பொருந்திக் கிடக்கின்றன. இடையிடையே வட்டமாக ஒரு மேடை, நம் ஊர்ச் சுற்றுவட்டம் போல. நடந்து வருகிறவர்கள் இளைப்பாறவோ என்னவோ. ஆயிரத்து நூறு வருட மழை அந்தப் பாதையைக் கொண்டுபோகவில்லை. நாங்கள் போட்ட வாய்க்கால் வீதிகள் மூன்றாவது மாரிக்கே காணாமல்போன கதை எனக்குத் தெரியும், அதனால் அந்தக் கல்லில் மிதிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

பாதையின் இருபுறமும் இரட்டை மேடைகள். இரண்டு மேடைகளையும் ஒரு பெரிய கற்பாலம் இணைக்கும். நடுவே தண்ணீர் ஓட இடம். ஒரு மேடைக்குக் கூரை இருந்தது, மற்றது திறந்தவெளி. மேடைகள் கிழக்கும் மேற்குமாகத்தான் கிடக்கின்றன. தியானத்துக்கும், தியானத்தோடு நடப்பதற்கும். வழியில் மருந்து அரைத்த அம்மி, குழவி எல்லாம் கிடக்கும் இடத்தை மருத்துவசாலை என்கிறார்கள். கிடக்கிற அம்மியைக் கண்டதும் என் மனைவி குனிந்து குழவியை உருட்டிப் பார்த்தாள். காவலாளி தொடவேண்டாம் என்றார். "அரைக்கவில்லை, பாரம் பார்க்கிறேன்" என்றாள்.

இப்போது உங்கள் கல். காலை வைக்க இரண்டு மேடு, நடுவே துளை, சுற்றிலும் அழகான செதுக்கு வேலை. அனுராதபுரத்தின் மேற்குப்புறத்தில் இதே பிக்குகள் இருந்த மடங்களிலும் இப்படித்தான். அங்கே மாளிகை முகப்பையே செதுக்கியிருக்கிறார்கள். உங்கள் மாட மாளிகைக்கு எங்கள் மரியாதை இதுதான் என்று பணக்கார விகாரைகளைப் பார்த்துச் சொன்ன பதில் என்பது பலர் ஒப்புக்கொண்ட விளக்கம். அப்படி இல்லை, அரசன் அனுப்பிய சிற்பி தன் கைவரிசையைக் காட்ட வேறு இடம் கிடைக்காமல் அதிலே காட்டிவிட்டான் என்று சொல்வாரும் உண்டு. எனக்கு முதல் விளக்கம்தான் பிடித்திருக்கிறது. உண்மையோ பொய்யோ, துறவிகளுக்கும் குசும்பு இருந்தது என்று நினைக்க ஆசை.

தொழில்காரன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். அனுராதபுரத்தில் இப்படிப்பட்ட கற்களுக்குக் கீழே தோண்டியபோது, மட்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மணலும் கரியும் சுண்ணாம்பும் போட்டு, கழிவை வடித்து மண்ணுக்குள் விட்டிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். சிற்பத்தைப் படம் எடுக்கிறவர்கள் ஆயிரம் பேர். பானையைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

*

கேள்வி: எங்கள் ஊர்ப் பாண்டியர்களுக்கும் அந்த மலைக்கும் தொடர்பு உண்டா? ஈழத்தை வென்றதாக மெய்க்கீர்த்திகளில் படித்திருக்கிறேன்.
— மதுரை வாசகர்

நேராக இல்லை, ஆனால் சுற்றிவந்து தொடுகிறது. ரிட்டிகலவில் பாம்சுகூலிகருக்கு மடம் கட்டிக்கொடுத்தவன் முதலாம் சேனன், ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, 833 முதல் 853 வரை ஆண்டவன். அவன் காலத்தில்தான் உங்கள் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் கடல் தாண்டி வந்தான். சின்னமனூர்ச் செப்பேடு அந்த வெற்றியைப் பெருமையாகச் சொல்கிறது. தோற்றவர்களின் நூலான சூளவம்சமும் மறைக்கவில்லை. இங்கே குடியிருந்த தமிழரும் பாண்டியனோடு சேர்ந்துகொண்டார்கள், மகாதாலிதம் என்ற ஊரில் சண்டை நடந்தது, சேனன் நகரத்தை விட்டு மலைநாட்டுக்கு ஓடினான், பாண்டியன் அனுராதபுரத்து மாளிகையிலும் விகாரைகளிலும் இருந்த பொன்னையும் மணியையும் பொற்சிலையையும் வாரிக்கொண்டான், உடன்படிக்கை செய்து திரும்பினான் என்று எழுதிவைத்திருக்கிறது. அடுத்துப் பட்டத்துக்கு வந்த இரண்டாம் சேனன் மதுரைக்குப் படை அனுப்பி அந்தச் சிலையை மீட்டுக்கொண்டு வந்தான். உங்கள் ஊரும் அந்த முறை தப்பவில்லை. கணக்கு நேர்.

நான் அந்தக் கற்பாதையில் மூச்சிரைக்க நின்றபோது இதைத்தான் யோசித்தேன். அனுராதபுரம் வழித்துத் துடைக்கப்பட்ட அதே அரசனின் காலத்தில், எடுத்துப்போக ஒன்றுமே இல்லாத ஒரு மடம் இந்தக் காட்டுக்குள் எழுந்திருக்கிறது. கொள்ளைக்காரன் வந்தால் அம்மியைத்தான் தூக்கவேண்டும்.

ஆனால் உருகிப்போகாதீர்கள், அடுத்த வரி இருக்கிறது. சேனன் அந்த மடத்துக்குப் பெரும் வருமானம் விட்டான், அரச மரியாதைகள் கொடுத்தான், வேலைக்காரரும் ஏவலாளரும் நிறையப் பேரை அனுப்பினான் என்றும் அதே சூளவம்சம் சொல்கிறது. குப்பைத் துணி உடுத்த வந்தவர்களுக்கு ஏவலாள்! அந்த ஒன்றரை மீட்டர்ப் பாதையைத் துறவிகள் தாங்களே கல் சுமந்து போட்டிருப்பார்கள் என்று நான் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. யாரோ ஊர்ச்சனம் சுமந்திருக்கிறது. அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று எந்த வம்சமும் எழுதவில்லை.

பிறகு 993இல் ராஜராஜனின் சோழப்படை அனுராதபுரத்தை வீழ்த்தியது, தலைநகர் பொலன்னறுவைக்குப் போனது. கொடுப்பவர் இல்லாத மடத்தைக் காடு எடுத்துக்கொண்டது. 1872இல் மாண்டெல் என்ற நில அளவையாளர் அங்கே போய்ப் பார்த்து எழுதினார். 1893இல் தொல்லியல் ஆணையாளர் பெல் முறையாக ஆராய்ந்தார். ஒரு நில அளவைக்காரன் கையால் வெளியே வந்த மலை என்பதில் எனக்குக் கொஞ்சம் சொந்தப் பெருமை உண்டு. நாங்களும் சங்கிலி பிடித்துக் காடு மேடு நடந்தவர்கள்தானே.

*

கேள்வி: அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்த துண்டுதான் ரிட்டிகலவாம். மெய்யா?
— ஒரு மாணவன், யாழ்ப்பாணம்

தம்பி, அந்தத் துண்டு விழுந்த இடம் என்று காலிக்குப் பக்கத்தில் ரூமஸ்ஸலவைக் காட்டுவார்கள், குருநாகல் பக்கம் தொலுகந்தவைக் காட்டுவார்கள், கச்சதீவைச் சொல்வார்கள். ஏன், எங்கள் மன்னார்த் தள்ளாடியையும் சொல்வார்கள். அனுமார் மலையைத் தூக்கிக்கொண்டு போனாரா, மண் லொறி ஓட்டினாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனாலும் கதை பிறந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுற்றிலும் காய்ந்த சமவெளி. நடுவில் தனியே ஒரு மலை, தரையிலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. கீழே முதிரையும் பாலையும் வீரையும் நிற்கும் நம் பக்கத்துக் காடு. உச்சியிலோ முகில் வந்து முட்டி, எப்போதும் ஈரமும் குளிருமாய், காற்றுக்குக் குள்ளமாக வளைந்த மரங்களும் பாசியும் ஓர்க்கிட்டுகளுமாக மலைநாட்டுக் காடு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டிரைமன் என்ற தாவரவியலாளர் மேலே ஏறிச் செடி சேகரித்தார். கோலியஸ் இலோங்காட்டஸ் என்று அவர் பெயர் வைத்த செடி, நம் கற்பூரவள்ளிக்குச் சொந்தக்காரி, உலகத்தில் அந்த மலையில் மட்டும்தான் இருக்கிறது. கீழே இல்லாத மரஞ்செடி மேலே இருப்பதைக் கண்ட பழைய ஆள், இது இந்த ஊர் மலை இல்லை, எங்கிருந்தோ வந்து விழுந்தது என்று நினைத்ததில் என்ன பிழை?

பெயருக்கும் ஒரு செடிக்கதை உண்டு. ரிட்டி என்பது சிங்களத்தில் ஒரு மரம். பட்டையைத் தட்டிக் கழற்றி முழுச் சாக்காகவே எடுப்பார்கள். தமிழில் மரவுரி மரம் என்பதும் அதுதான். துறவிகள் போய்ச் சேர்ந்த மலைக்கு மரவுரி மலை என்று பெயர் இருப்பது பொருத்தம்தான். ஆனால் பாளி நூல்களில் அரிட்ட பர்வதம் என்று பழைய பெயர் இருக்கிறது, அதிலிருந்துதான் வந்தது என்பவர்கள் அதிகம்.

*

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். உள்ளூர் ஆள் ஒருவரைப் பிடித்தால் உச்சிவரை கூட்டிப்போவாராமே? எவ்வளவு கொடுக்கவேண்டும்?
— மட்டக்களப்பு

ஒன்றும் கொடுக்கவேண்டாம், போகவும் வேண்டாம். ரிட்டிகல 1941இலிருந்து கடும் இயற்கை ஒதுக்ககம். ஏறக்குறைய 1,528 ஹெக்டேயர். தேசிய பூங்கா என்றால் ஜீப்பில் போய்ப் பார்க்கலாம். இது அந்த வகை இல்லை. ஆராய்ச்சிக்கு வனசீவராசிகள் திணைக்களத்திடம் எழுத்தில் அனுமதி எடுத்தவர்கள் தவிர வேறு யாரும் உள்ளே போகக்கூடாது என்பதுதான் இந்த வகையின் அர்த்தமே. நம்மை விடுவது தொல்லியல் இடிபாடுகள் உள்ள அந்த ஓரத்துக்கு மட்டும்.

நீங்கள் கேட்டதில் தப்பில்லை, நாலு இளம்பிள்ளைகள் மலையைக் கண்டால் உச்சியைத்தான் கேட்பார்கள். நானும் கேட்டேன். கற்பாதை முடிகிற இடத்தில் நின்று, மேலே போகும் ஒரு ஒற்றையடித் தடத்தைக் காட்டி, "இது எங்கே போகிறது?" என்று காவலாளியிடம் கேட்டேன். "எங்கேயும் போகாது மாத்தயா" என்றார். என்ன அழகான பதில்! கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், கரடி இருக்கிறதாம், சிறுத்தை இருக்கிறதாம், மேலே முகில் இறங்கினால் தன் கையைத் தானே காணமுடியாதாம்.

கரடிக்காகச் சொல்லவில்லை. ஒரே ஒரு மலையில் மட்டும் இருக்கிற செடி என்று மேலே எழுதினேன் அல்லவா, அது எங்கே முளைத்து நிற்கும் என்று உங்கள் நாலு பேருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எட்டுச் சப்பாத்துக் கால் போதும். எங்கள் திணைக்களத்தில் ஒரு சொல் உண்டு: குளத்துக்குள் மாடு இறங்கலாம், நீரேந்துப் பகுதியில் கோடரி இறங்கக்கூடாது. சிகிரியா இருக்கிறது, பிதுரங்கல இருக்கிறது. ஏறுவதற்கென்றே இருக்கிற கற்கள் அவை. அங்கே போய் ஏறி, படம் எடுத்து, எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

*

கேள்வி: ஐந்து நாள் பயணமாக வருகிறோம். சிகிரியாவையும் ரிட்டிகலவையும் ஒரே நாளில் முடிக்கலாமா? அத்தோடு, போன மாதக் கட்டுரையில் 'வான் பாய்ந்தது' என்று எழுதியிருந்தீர்கள். எந்த வண்டி?
— சென்னை

முடிக்கலாம். காலையில் ரிட்டிகல, வெயில் தாழ்ந்தபின் சிகிரியா. மாற்றிச் செய்தால் என் யானையைச் சந்திப்பீர்கள். சிகிரியா கூட்டத்துக்குப் பிறகு ரிட்டிகலவைப் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ரிட்டிகலவை முதலில் பார்த்தால் அப்படித் தோன்றாது. இன்னொரு காரணமும் அதுதான்.

வான் வண்டி இல்லை ஐயா. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம். உங்கள் பக்கத்தில் கலிங்கு என்பீர்கள். வான் பாய்ந்தால் ஊரே கூடிப் பார்க்கும், மீன் பிடிக்கும். மேலே ரீச்சருக்கு எழுதிய பதிலில் சாப்பாட்டை வைக்கச் சொன்ன வான் மட்டும் வண்டிதான்.

*

கேள்வி: அருவியாறு ரிட்டிகலவில் பிறக்கிறதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் கட்டுக்கரைக் குளத்துக்கு வருகிற அதே ஆறா? ஊற்றைக் கண்டீர்களா?
— ஒரு கமக்காரர், மன்னார்

அதே ஆறுதான் அண்ணை. பாளி நூல்களில் கதம்ப நதி, சிங்களத்தில் மல்வத்து ஓயா, நம்மிடம் வந்து சேரும்போது அருவியாறு. ரிட்டிகல, இனாமலுவ பக்கத்துக் குன்றுகளில் தொடங்கி, நாச்சதுவைக் குளத்தை நிரப்பி, அனுராதபுரத்துக்குள்ளால் போய், 164 கிலோமீட்டர் ஓடி மன்னார் வளைகுடாவில் விழுகிறது. தேக்கம் அணையில் மறித்துத் திருப்பிய தண்ணீர் கட்டுக்கரைக்கு வருவது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் அப்பாவுக்கு அந்தக் குளத்தின் கீழ் நாலு ஏக்கர் இருந்தது. காலபோகம் விதைத்துவிட்டு மழைக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில், "இங்கே பெய்து என்ன, மேலே பெய்யவேண்டும்" என்பார். "மேலே என்றால் எங்கே அப்பா?" என்று கேட்டால், வெற்றிலைச் சிவப்பு ஏறிய விரலைத் தென்கிழக்காக நீட்டுவார். அந்த விரல் காட்டிய இடத்தை அவர் பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து, ஆற்றின் வாலில் தொடங்கி ஒவ்வொரு அணையாக அறிந்தேன். தலையைப் பார்க்கவில்லை. சண்டைக் காலத்தில் போக வழியில்லை, பிறகு நேரமில்லை, பிறகு வெறும் சோம்பல். ஓய்வு பெற்று மூன்றாம் வருடம், மனைவியையும் மூத்த பேரனையும் கூட்டிக்கொண்டு போனதுதான் அந்த டிசம்பர்ப் பயணம்.

ஊற்று என்று கோமுகி மாதிரி ஒன்றும் இல்லை. ஆறு ஒரு வாயால் பிறப்பதில்லை என்று எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் கண் தேடியது. மலையின் ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் விரல் தடிப்பில் தண்ணீர் வந்து, இலைக்குக் கீழே ஓடி, கல்லுக்கு அடியில் ஒளிந்து, மறுபடி வந்தது. பழைய கற்பாலம் ஒன்றின் கீழே நான் தாண்டக்கூடிய அகலத்தில் ஓர் ஓடை. சப்பாத்தைக் கழற்றி இரண்டு காலையும் வைத்தேன். கொஞ்சம் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன். அப்பாவை நினைத்தேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் என் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேரன் படம் எடுத்தான். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் ஆகிவிட்டது.

ஆறு மாதம் கழித்து ஏதோ வேலையாக அந்தப் பக்கத்து ஓரங்குல வரைபடத்தை விரித்தேன். மலை மூன்று ஆறுகளுக்கு நீர் பிரிக்கிறது: மல்வத்து ஓயா, கலா ஓயா, யான் ஓயா. இடிபாடுகள் கிழக்கு அடிவாரத்தில். கிழக்குச் சரிவில் விழுகிற தண்ணீர் ஹுருலு வெவ என்ற குளத்துக்கும் யான் ஓயாவுக்கும் போய், புல்மோட்டைப் பக்கம் கீழைக் கடலில் சேருகிறது. முப்பத்தொரு வருட உத்தியோகம், மலையில் நிற்கும்போது ஒருமுறை சூரியனைப் பார்த்துத் திசை யோசிக்கவில்லை.

பேரனிடம் சொன்னேன். படத்துக்குக் கீழே 'யான் ஓயா' என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டியிருக்கிறான். நம்முடைய பக்கம் மேற்குச் சரிவு. அந்தப் பக்கம் போக நமக்கு அனுமதி இல்லை.